ஒஹாயோவுக்கு முன் நீ திருத்த வேண்டிய இரண்டு வருஷம்

தம்பி,

நீயும் உன் அப்பாவும் தி.நகருக்குக் கிளம்பி இருபது நிமிடம் ஆகிறது. குளிர் ஜாக்கெட், பெரிய பெட்டி, உள்ளே போட்டுக்கொள்ளும் கம்பளி பனியன் என்று அப்பா ஒரு சீட்டில் எழுதி சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவுக்குள் நுழைந்தவர்கள் மூன்று மணி நேரத்துக்குள் வெளியே வந்தது கிடையாது. அந்த தைரியத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். கதவைத் தாழிட்டுவிட்டேன். ஆனாலும் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் கை தானாகத் தாளை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிடுகிறது. டீச்சருக்குத் தெரியாமல் எழுதுகிற பள்ளிக்கூடப் பெண்ணுக்கு இருக்கிற பயம் ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு வந்திருக்கிறது. உன்னிடம் நேரில் சொல்ல மூன்று முறை வாயெடுத்தேன். மூன்று முறையும் நீ பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாய். அதனால் எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். எங்கள் வேலையில் பேனாவே கிடையாது.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ எதிர்பார்த்துக்கொண்டிருக்கிற அந்தப் போன் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. நேற்று நீ கேட்டபோது “இன்னும் வரலை” என்று நான் சொன்னது பொய்.

புதன்கிழமை நீ அடுப்படிக்கு வந்து நின்றது ஞாபகம் இருக்கிறதா? நான் ஷிப்டுக்குக் கிளம்ப டப்பாவில் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். என் பழைய போனில் புது சிம் போட்டு, கூடவே மடித்த தாள் ஒன்றையும் மேடையில் வைத்தாய். அதில் ஒரு கம்பெனியின் பெயர், எச்.ஆர். மேனேஜர் என்று ஒரு பெண்ணின் பெயர், நீ அங்கே சேர்ந்த தேதி, விலகிய தேதி. “ம்மா, கன்சல்டன்சிக்காரன் நம்பரை ஆஃப் பண்ணிட்டுப் போய்ட்டான். நான் இந்த நம்பரைக் குடுத்துட்டேன். அமெரிக்கா க்ளையண்ட்டு மறுபடி செக் பண்றான். ஒரே ஒரு கால்தான்” என்றாய். நான் டப்பாவை மூடிக்கொண்டிருந்ததைப் பார்த்து, “பத்தொம்பது வருஷமா அந்தப் பக்கத்துலேர்ந்து கேள்வி கேக்கற. இந்தப் பக்கம் அந்த எச்.ஆர். மேனேஜரா ஒரு தடவ பதில் சொல்லேன்” என்றாய். விளையாட்டாகத்தான் சொன்னாய். நானும் தலையை ஆட்டிவிட்டு போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அன்று இரவு முழுக்க கிண்டி ஆபீஸில் யார் யாருக்கோ போன் செய்து “இவர் உங்களிடம் வேலை செய்தது உண்மையா” என்று கேட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பழைய போன் என் லாக்கருக்குள் கிடந்தது.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று அக்கம்பக்கத்தில் கேட்டால் “கால் சென்டர்” என்பார்கள். அப்பாவும் அப்படித்தான் சொல்வார். உனக்கு மட்டும்தான் சரியாகத் தெரியும். நான் சேர்ந்தபோது நீ மூன்றாம் வகுப்பு. எங்கள் டீமுக்கு இரண்டு மாநிலம் கொடுத்தார்கள், ஒஹாயோவும் மேற்கு வர்ஜீனியாவும். நம் ஊரில் மாவட்டம் மாதிரி அங்கே கவுண்டி. ஒஹாயோவில் எண்பத்தெட்டு, மேற்கு வர்ஜீனியாவில் ஐம்பத்தைந்து. வேலைக்கு விண்ணப்பித்த ஒருவர், முன்பு இன்ன இடத்தில் இத்தனை வருஷம் இருந்தேன் என்று எழுதியிருப்பார். அது நிஜமா என்று நாங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். நிஜமானால் பச்சை, தெரியவில்லை என்றால் ஆரஞ்சு, பொய்யானால் சிவப்பு. அவ்வளவுதான் என் வேலை. பார்த்திராத ஊர்களில் பார்த்திராத ஆட்களுக்கு நிறம் போடுவது.

பயிற்சியில் நூற்று நாற்பத்து மூன்று பெயரையும் மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். காலையில் ஆபீஸ் கேப் இறக்கிவிட்டதும் உனக்கு இட்லி ஊட்டிக்கொண்டே சொல்லிப் பார்ப்பேன். ஆடம்ஸ், ஆதென்ஸ், பெல்மான்ட். நீ என்னைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டாய். பள்ளிக்கூட ஆட்டோவில் ஏறும்போது “ம்மா, மேப்புல ஹான்காக்குக்குக் கீழே இன்னா?” என்று கத்துவாய். நான் “ப்ரூக்” என்பேன். “அதுக்குக் கீழே?” “ஒஹாயோ.” அந்த இடத்தில் உனக்குச் சிரிப்பு தாங்காது. ஒஹாயோ என்கிற கவுண்டி ஒஹாயோ மாநிலத்தில் இல்லை, இரண்டு மாநிலத்துக்கும் எல்லையான ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேற்கு வர்ஜீனியாவில் இருக்கிறது என்பதை உன் ஆட்டோக்காரர் வரைக்கும் போய்ச் சொன்னாய். அவர் என்னிடம், “இன்னாமா, புள்ளைக்கு வெளிநாட்டு ஜோசியம் எதனா சொல்லித் தர்றியா?” என்று கேட்டார். இப்போது கம்பெனி வேலையாக நீ அந்த ஒஹாயோவுக்கே போகிறாய். விசா வந்த அன்று அப்பா உன்னைக் கட்டிக்கொண்டபோது நான் மட்டும் பாத்திரம் கழுவப் போனேன். சந்தோஷம் இல்லை என்று நினைத்திருப்பாய். இருந்தது. கூடவே நீ முன்பு வாங்கி வந்த பொய்க் கடிதத்தின் நினைப்பும் இருந்தது.

பெயர் தெரிந்தால் மட்டும் இந்த வேலை ஓடாது. பாதி கேஸில் அந்தக் கம்பெனியே இருக்காது. அங்கே ஆற்றோரம் முழுக்க ஒரு காலத்தில் கண்ணாடி, பீங்கான், இரும்பு. மலைப்பக்கம் நிலக்கரி. ஒவ்வொன்றாக மூடிவிட்டார்கள். மூடிய கம்பெனிக்குப் போன் செய்தால் யார் எடுப்பார்கள்? அதனால் நான் அந்த ஊர்களின் சரித்திரத்தைப் படிக்க ஆரம்பித்தேன். எந்தத் தொழிற்சாலையை எது வாங்கியது, யாரிடம் பழைய சம்பளப் புத்தகம் இருக்கும், எந்த ஊர் நூலகத்தில் கேட்டால் சொல்வார்கள். உள்நாட்டுப் போர் நடந்தபோது வர்ஜீனியாவிலிருந்து மேற்குப் பக்கத்துக் கவுண்டிகள் பிய்த்துக்கொண்டு தனி மாநிலமானதைப் படித்தேன். சுரங்கத்தில் வேலை இல்லாமல் போனதும் குடும்பம் குடும்பமாக ஆற்றைத் தாண்டி ஒஹாயோவின் ரப்பர் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள் என்று படித்தேன். டார்கெட்டுக்கு நடுவில், சாப்பாட்டு இடைவேளையில், கால் வலிக்க உட்கார்ந்து படித்தேன். எல்லாம் படித்தும் ஒரு கேஸில் தப்பு செய்தேன். அதை உன் அப்பாவிடம்கூட இதுவரை சொன்னதில்லை.

அவர் பெயரைச் சொல்லக் கூடாது, வேலையில் அப்படி விதி. ஐம்பது வயதைத் தாண்டியவர். வீடு ஒஹாயோவில், பெல்மான்ட் கவுண்டி. ஒரு பள்ளிக்கூடத்தில் பாய்லர் பார்க்கிற வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். அதற்கு முன் கண்ணாடித் தொழிற்சாலையில், சூளைப் பக்கம், இருபத்திரண்டு வருஷம். தொழிற்சாலை பெயரையும் ஊர் பெயரையும் எழுதியிருந்தார், மாநிலத்தை எழுதவில்லை. நான் ஒஹாயோவின் கம்பெனிப் பதிவேட்டில் தேடினேன். இல்லை. பெல்மான்டில் இல்லை, பக்கத்துக் கவுண்டிகளிலும் இல்லை. ஆரஞ்சு போட்டால் மூன்று நாள், மூன்று வேளை போன் செய்து காரணம் எழுத வேண்டும். அன்றைக்குப் பதினாறு கேஸ் பாக்கி. உனக்குக் காய்ச்சல், அப்பா போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். இதையெல்லாம் காரணமாகச் சொல்கிறேனே தவிர, காரணம் இதுவல்ல. எனக்கு அலுப்பாக இருந்தது. “அப்படி ஒரு நிறுவனம் இல்லை” என்று எழுதி சிவப்பு போட்டு மூடினேன்.

ஆறு வாரம் கழித்து அவருடைய ஆட்சேபம் வந்தது. கையால் எழுதி ஸ்கேன் செய்த கடிதம். சூளைக்கு முன்னால் பதினைந்து இருபது பேர் நிற்கிற போட்டோ, அதில் ஒரு தலையைச் சுற்றிப் பேனாவால் வட்டம். “என் தொழிற்சாலை இல்லவே இல்லை என்று எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது. அது போட்ட தழும்பு என் இடது கையில் இருக்கிறது” என்று எழுதியிருந்தார். தொழிற்சாலை இருந்தது ஆற்றுக்கு அந்தக் கரையில், மேற்கு வர்ஜீனியாவின் மார்ஷல் கவுண்டியில். பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். இருபத்திரண்டு வருஷம் அவர் தினமும் அந்தப் பாலத்தில் போய் வந்திருக்கிறார்.

பக்கத்து சீட்டு நஸ்ரின் எட்டிப் பார்த்தாள். திருவல்லிக்கேணிப் பெண், உனக்கு ரம்ஜானுக்கு சேமியா அனுப்புவாளே, அவள்தான். “எங்கே தேடின?” என்றாள். “அவர் வீடு ஒஹாயோ, அதனால ஒஹாயோவுல தேடினேன். வேலைக்கு வேற ஸ்டேட்டுக்குப் போவாங்கன்னு யாருக்குத் தெரியும்?” என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “சைதாப்பேட்டைலேர்ந்து பாலத்தத் தாண்டி கிண்டிக்கு டெய்லி வர்றியே அக்கா, நீ எந்த விசால வரே?” என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் பாத்ரூமுக்குப் போய் வெகுநேரம் நின்றேன். அடையாற்றை நான் எட்டு வருஷமாக தினமும் தாண்டியிருந்தேன். மேப்பில் அந்த ஆறு ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பட்டியல், அந்தப் பக்கம் வேறொரு பட்டியல். அதைத் தாண்டி ஒரு மனிதன் சாப்பாட்டு டப்பாவோடு போவான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

டீம் லீடர் கேட்டபோது, “விண்ணப்பதாரர் மாநிலத்தைக் குறிப்பிடவில்லை” என்று எழுதிக் கொடுத்தேன். அது உண்மைதான். ஆனால் அவர்மேல் பழியைப் போட அந்த உண்மையைப் பயன்படுத்தினேன். எனக்கு ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. சிவப்பைப் பச்சையாக மாற்றினோம். ஆனால் பாய்லர் வேலைக்கு அதற்குள் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள் என்று கேஸின் கடைசியில் ஒரு வரி இருந்தது. அதற்குமேல் அவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.

இதெல்லாம் நடந்து கொஞ்ச நாளில்தான் வெள்ளம் வந்தது. நீ பதினொன்றாம் வகுப்பு. நாம் மூன்று பேரும் மேல் மாடியில் யார் வீட்டிலோ உட்கார்ந்திருந்தோம், கீழே நம் வீட்டுக்குள் ஆறு போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் வடிந்த பிறகு பீரோவைத் திறந்தால் அப்பாவின் காகிதங்கள் எல்லாம் கூழ். கிண்டி எஸ்டேட் பட்டறையில் லேத் ஓட்டிய பதினெட்டு வருஷத்துச் சம்பளச் சீட்டு, சேர்ந்தபோது கொடுத்த கடிதம், எல்லாம். அடுத்த வருஷம் பட்டறையை மூடினார்கள். முதலாளி இறந்துபோனார், மகன்கள் இடத்தைக் கொடுத்துவிட்டு எங்கேயோ போய்விட்டார்கள். பி.எஃப். வாங்க முதலாளி கையெழுத்து வேண்டும். வேறு பட்டறையில் சேர அனுபவக் கடிதம் வேண்டும். அப்பா பழைய பட்டறை வாசலில் போய் நின்றுவிட்டு வருவார். அங்கே அப்போது டைல்ஸ் அடுக்கியிருந்தார்கள். ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைத் தொடாமல், “வேலை செஞ்சது நான்தான். செஞ்சேன்னு சொல்றதுக்குத்தான் ஆள் கெடையாது” என்றார். எனக்குப் பெல்மான்ட் கவுண்டிக்காரர் ஞாபகம் வந்தது. அவருக்கு ஆள் இருந்திருக்க வேண்டிய இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

அப்பா கடைசியில் அடையாறில் அந்த அடுக்குமாடிக்கு செக்யூரிட்டியாகப் போனார். விரலில் மைக்ரோமீட்டர் பிடித்தவர் விசிட்டர் நோட்டைப் பிடித்தார். நீ இஞ்சினியரிங் முடித்துவிட்டு வேலை கிடைக்காமல், சாப்பாடு டெலிவரிக்குப் போனாய். இரண்டு வருஷம். அதைப் பற்றி நீ யாரிடமும் பேசுவதில்லை. நான் பேசுகிறேன். மயிலாப்பூர் தேர் அன்று மாட வீதிகளுக்குள் வண்டி போகாது என்று வண்டியை லஸ் பக்கம் நிறுத்திவிட்டு நடந்தே கொண்டுபோய்க் கொடுத்தாய். பெசன்ட் நகரில் மழையில் விழுந்து முட்டி பெயர்ந்தபோதும் சாம்பார் கொட்டவில்லை என்று பெருமையாகச் சொன்னாய். அப்பாவின் கேட்டுக்கே ஒரு நாள் ஆர்டர் வந்ததே. நீங்கள் இருவரும் வந்து நடித்துக் காட்டியதை நான் எத்தனை முறை நினைத்துச் சிரித்திருக்கிறேன். அப்பா நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, “பேரு இன்னா சார்?” என்றாராம். நீ “இன்னா நைனா, மறந்துட்டியா?” என்றாயாம். “ரூல்ஸுடா. பேரு சொல்லு, கம்பெனி சொல்லு, டைம் போடு” என்று முகம் மாறாமல் எழுதினாராம். லிப்ட்டில் ஏறும்போது பின்னாலிருந்து, “சார், ஹெல்மெட் கழட்டிட்டுப் போங்க” என்றாராம். அப்பா அதைச் சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீ அதைப் பார்க்கவில்லை.

அப்புறம் நீ கன்சல்டன்சியில் அந்த அனுபவக் கடிதத்தை வாங்கி வந்தாய். அந்த இரண்டு வருஷத்தில் நீ அம்பத்தூரில் சாப்ட்வேர் டெஸ்டிங் செய்தாய் என்று அதில் இருந்தது. உனக்கு நான் செய்த கெடுதல் அங்கேதான் இருக்கிறது, நீ அதை உதவி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நான் உன்னைத் திட்டியிருக்க வேண்டும். கிழித்திருக்க வேண்டும். பதிலாக, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். கை பழக்கம். “விலகின தேதி ஞாயித்துக்கிழமை விழுது பார். எந்தக் கம்பெனியும் ஞாயித்துக்கிழமை ரிலீவ் பண்ணாது. வெள்ளிக்கிழமையா மாத்தச் சொல்லு. எம்ப்ளாயி நம்பர் இல்லாம இருக்கு, அதையும் போடச் சொல்லு” என்றேன். நீ “சூப்பர் ம்மா” என்று என் தோளைத் தட்டினாய். இருபத்திரண்டு வருஷம் சூளையில் நின்றவர் எழுதிய உண்மையைப் பொய் என்று எழுதியவள், தன் பிள்ளைக்காக ஒரு பொய்யில் இருந்த ஓட்டையை அடைத்துக் கொடுத்தேன். அந்தக் கடிதம் என்னுடைய இத்தனை வருஷ அனுபவத்தால்தான் உன்னை முதலில் எடுத்த கம்பெனியில் தப்பித்தது. இதை அப்பாவுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓர் அனுபவக் கடிதம் கிடைக்காமல் வாசல் வாசலாக நின்ற மனிதர் அவர்.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். நான் தூங்கி எழுந்து வஞ்சிரம் கழுவிக்கொண்டிருந்தேன். பழைய போன் அடித்தது. கையைத் துடைத்துவிட்டு உன் தாளை எடுத்து வைத்துக்கொண்டு எடுத்தேன். எச்.ஆர். மேனேஜர் பெயரைச் சொல்லி, “மேம், பேசலாமா?” என்று இங்கிலீஷில் ஒரு பெண் கேட்டாள். சின்னக் குரல். எழுதி வைத்ததைப் பார்த்துப் படிக்கிறாள் என்று தெரிந்தது. அவளுக்குப் பின்னால் முப்பது நாற்பது பேர் ஒரே நேரத்தில் பேசுகிற இரைச்சல். அந்த இரைச்சல் எனக்குத் தெரியும், என் காது இரண்டும் அதில்தான் போயின. அவள் உன் பெயரைச் சொன்னாள், தேதிகளைச் சொன்னாள். “கரெக்டா மேம்?” என்றாள். எஸ் என்று ஒரு சொல். தாளில் நீ அதைத்தான் பெரிதாக எழுதியிருந்தாய்.

“நீ தமிழாம்மா?” என்றேன்.

“ஆமா மேம்” என்றாள்.

“சேர்ந்து எத்தனை மாசம்?”

“மூணு மாசம் மேம். மேம், இந்த டேட்ஸ் மட்டும் கன்ஃபர்ம் பண்ணீங்கன்னா...”

“அந்தக் கம்பெனி கிடையாதும்மா. எச்.ஆர். மேனேஜரும் கிடையாது. நான் அவனோட அம்மா” என்றேன்.

அந்தப் பக்கம் கீபோர்டு சத்தம் நின்றுவிட்டது. தாழ்ந்த குரலில், “மேம், இத நான் எப்பிடிப் போடறது?” என்றாள். அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. சிவப்பு என்று சொல்லிக் கொடுக்க வேண்டியவள் நான். என்னால் முடியவில்லை. “உனக்கு டைம் எப்ப வரைக்கும் இருக்கு?” என்று கேட்டேன். “செவ்வாய்க்கிழமை வரைக்கும் மேம்.” “அதுக்குள்ள விண்ணப்பதாரரே திருத்தி மெயில் அனுப்பினா எடுத்துக்குவீங்களா?” “எடுத்துக்குவோம். ஆனா அவர் திருத்தினார்னு ரிப்போர்ட்டுல வரும். க்ளையண்ட்டுதான் முடிவு பண்ணுவாங்க. மேம், எங்க டீம் லீடர் கால் ரெக்கார்டு கேப்பாங்க, நான் எதையும் மறைக்க முடியாது.” “மறைக்காதே. நான் சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கோ. செவ்வாய்க்கிழமை வரைக்கும் மூடாம வை, அது உன் விதியிலேயே இருக்கும்” என்றேன். போனை வைக்கும் முன் அவள், “நீங்களும் இந்த லைனா மேம்?” என்றாள். நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் என் வேலையும் போகும். அந்த நேரத்திலும் எனக்கு அது தோன்றியது. இதையும் உன்னிடம் மறைக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். உன்னைத் திருத்துவதற்காக மட்டும் நான் உண்மையைச் சொல்லவில்லை. எனக்கு எஸ் சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பெண் அதை நம்பி பச்சை போட்டிருப்பாள். தெரிந்தே இன்னொருத்தி கையால் தப்பு நிறம் போட வைக்க எனக்குத் தெம்பு இல்லை. பாதியளவு அது வெறும் களைப்பு.

நீ கோபப்படுவாய். படு. இரண்டு நாள் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்ததற்கும் சேர்த்துப் படு. ஆனால் இன்று ஞாயிறு, கோபப்பட உனக்கு ரொம்ப நேரம் இல்லை. செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், இதைத் தாயாகச் சொல்லவில்லை, இந்த வேலை தெரிந்தவளாகச் சொல்கிறேன். நாளைக் காலை நீயே மெயில் எழுது. காரணம் நீளமாக எழுதாதே, நீளமான காரணத்தை நாங்கள் யாரும் படிப்பதில்லை. அம்பத்தூர் கம்பெனி என்று நான் கொடுத்தது தவறு, அந்தக் காலத்தில் நான் உணவு டெலிவரி செய்தேன் என்று இரண்டு வரி. கீழே அந்த டெலிவரி ஆப்பிலிருந்து உன் பயண விவரங்களை எடுத்து இணை. முதல் நாள் முதல் கடைசி நாள் வரை எல்லாம் அதில் இருக்கும், தேதி, நேரம், தெரு பெயரோடு. நான் பத்தொன்பது வருஷத்தில் பார்த்த எந்த அனுபவக் கடிதத்திலும் அத்தனை விவரம் இருந்ததில்லை. இப்போது வேலை செய்கிற கம்பெனி மேலாளரிடம், மெயில் போகும் முன் நேரில் போய்ச் சொல். அவர் வேறு யார் வாயாலும் கேட்கக் கூடாது.

ஒஹாயோ கிடைக்காமல் போகலாம். இங்கே இருக்கிற வேலையும் போகலாம். போகாது என்று நான் சொன்னால் அது இன்னொரு பொய். அங்கே கொலம்பஸ் நகரில் உனக்கு அறை பார்த்து வைத்திருக்கிற நண்பனிடம் என்ன சொல்வாய், இன்று அப்பா தூக்கிக்கொண்டு வரப்போகிற பெட்டியை என்ன செய்வது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. காலையில் அவர் கிளம்பும்போதே தடுத்திருக்கலாம். “வேணாங்க” என்று ஒரு சொல். அதற்கும் துணிவு வரவில்லை. நீங்கள் திரும்பி வந்து, அவர் ஜாக்கெட்டை உனக்குப் போட்டுப் பார்த்து, இந்த வெயிலில் நீ வேர்த்து நிற்கும்போது, நான் இந்தத் தாளை உன் கையில் கொடுப்பேன். அவரிடம் நானே சொல்கிறேன், ஞாயிற்றுக்கிழமை தேதியை மாற்றச் சொன்னது உட்பட. அது உன் பாரம் இல்லை. அவர் கத்தினால் கத்தட்டும். கத்தாமல் இருந்தால்தான் எனக்குப் பயம்.

நீ அந்த இரண்டு வருஷத்தை வெட்கப்பட்டு மறைத்தாய். வெட்கப்பட ஒன்றும் இல்லை என்று அப்போதே சொல்ல வேண்டிய நான், அந்த வெட்கத்துக்கு எம்ப்ளாயி நம்பர் போட்டுக் கொடுத்தேன். இனிமேல் எந்த ஊருக்குப் போனாலும், எந்த ஆற்றைத் தாண்டினாலும், செய்த வேலையைச் செய்தேன் என்றே எழுது. சின்னதாகத் தெரிந்தால் தெரியட்டும். செய்ததை யாராவது இல்லை என்று எழுதினால் சண்டை போடு, போட்டோ அனுப்பு, தழும்பைக் காட்டு.

மெயிலுக்குப் பிறகு அவர்கள் அனுப்புகிற படிவத்தில், இதை உறுதிப்படுத்தக்கூடியவர் யார் என்று ஒரு கட்டம் வரும். அதைக் காலியாக விடாதே. மழையில் நனைந்து பாதி ராத்திரியில் நீ வந்ததையும், முட்டியில் மருந்து போட்டுக்கொண்டு மறுநாள் கிளம்பியதையும் பார்த்த ஆள் ஒருத்தி இருக்கிறாள். என் சொந்தப் பெயரை எழுது. உறவு என்ற இடத்தில் அம்மா என்று எழுது. என் சொந்த நம்பரைப் போடு. எந்த ஊரிலிருந்து, எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் நான் எடுக்கிறேன்.

அம்மா